டெலஸ்கோப்புக்கு 12 வோல்ட்: மொட்டை மாடிக்கும் பழவேற்காட்டுக்கும் கட்டுப்படியாகும் பேட்டரி

ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு டெலஸ்கோப் வேகமாகத் திரும்பும் நேரத்தில் கைக் கன்ட்ரோலர் அணைந்து மறுபடி எரியும். கஷ்டப்பட்டுச் செய்த அலைன்மென்ட் (எந்த நட்சத்திரம் எங்கே என்று டெலஸ்கோப்புக்குக் காட்டிக்கொடுப்பது) போய்விடும். செலஸ்ட்ரான் நெக்ஸ்ஸ்டார் டெலஸ்கோப் என்றால் திரையில் 'நோ ரெஸ்பான்ஸ்' என்று வரும். ஸ்கைவாட்சர் ஈக்யூ வகை மௌன்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் பகுதி) என்றால் சிவப்பு விளக்கு மினுக்கும்: மெதுவாக மினுக்கினால் வோல்ட் குறைகிறது, படபடவென்று மினுக்கினால் ரொம்பவே குறைந்துவிட்டது. மோட்டார் போய்விட்டது என்று சர்வீசுக்குத் தூக்குவதற்கு முன்னால் மின்சாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது மௌன்ட்டின் பவர் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதே இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஹெச்ஈக்யூ5, ஈக்யூ6 போன்ற மௌன்ட்கள் 11 முதல் 16 வோல்ட் வரை தாங்கும். 11-க்குக் கீழே இறங்கினால் தடுமாறும். பேட்டரி மேல் எத்தனை ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தாலும், பலவீனமான செல், மெல்லிய ஒயர், லூசான பிளக் மூன்றும் சேர்ந்தால் அந்த 11 நிற்காது.

முதலில்: பேட்டரி தேவையா?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. துறைமுக விளக்கும் எண்ணூர் வெளிச்சமும் வானத்தை வெளுக்க வைத்தாலும் நிலா, வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்கள் எல்லாம் அங்கிருந்தே அருமையாகத் தெரியும். மாடிப்படி ரூமில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் சிசிடிவி கேமராவுக்கு விற்கிற 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். 2 ஆம்பியர் அடாப்டர் மோட்டார் கிளம்பும்போது திணறலாம், அதனால் 5 ஆம்பியரே வாங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை டெலஸ்கோப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, 12 வோல்ட் ஒயரைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் ஒயர் பத்து மீட்டர் போனாலும் இழப்பு தெரியாது. 12 வோல்ட் ஒயர் பத்து மீட்டர் போனால் மௌன்ட் படுத்துவிடும். பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். ராத்திரி பனியில் மாடித் தளம் நனைந்திருக்கும், அதில் வெறுங்காலோடு நிற்போம். ஸ்டூல் மேல் வையுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் மட்டும் இந்த வழி. இல்லாவிட்டால் கீழே படிக்கிற பேட்டரி வழியே பத்திரம்.

கரண்ட் போய் வந்தால் அலைன்மென்ட் போகும் என்பது ஒரு குறை. அதற்கு வைஃபை ரூட்டருக்கு விற்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை நடுவில் போடலாம். உள்ளே இரண்டு மூன்று லித்தியம் செல்தான் இருக்கும். சின்ன ஆல்ட்-அஸ் (மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும்) மௌன்ட்டைத் தனியாகவே சில மணி நேரம் ஓட்டிவிடும். 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பனி ஹீட்டரை (லென்சில் பனி படியாமல் சூடேற்றும் பட்டை) அதில் மாட்டக் கூடாது, பெரிய ஈக்வடோரியல் (பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும்) மௌன்ட்டையும் மாட்டக் கூடாது.

கையால் தள்ளும் டாப்சோனியன் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே இல்லை. ஸ்டார் அட்வென்ச்சரர் 2i போன்ற கேமரா டிராக்கர் (கேமராவை நட்சத்திரத்தோடு திருப்பும் கருவி) 5 வோல்ட்டில் ஓடுவது. சாதாரண பவர் பேங்க்கே போதும்.

எவ்வளவு வேண்டும்: ஒரு துண்டுத் தாளில் கணக்கு

ஒவ்வொரு கருவியும் 12 வோல்ட்டில் சராசரியாக எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதுங்கள். மௌன்ட் நட்சத்திரத்தைத் தொடரும்போது 0.3 முதல் 0.5 ஆம்பியர், வேகமாகத் திரும்பும்போது 1 முதல் 2 ஆம்பியர். ராத்திரி முழுக்கச் சராசரி 0.6 என்று வைத்துக்கொள்ளலாம். ஈக்வடோரியல் மௌன்ட்டில் எடைச் சமநிலை சரியில்லை என்றால் இது ஏறும். பேட்டரி மாற்றுவதற்கு முன் கவுன்டர்வெயிட்டை ஒருமுறை நகர்த்திப் பார்ப்பது நல்லது. பனி ஹீட்டர் பட்டை 0.8 போல். போன் சார்ஜ் 0.5. சென்சாரைக் குளிர்விக்கும் கேமரா வைத்திருந்தால் அது மட்டுமே 3 ஆம்பியர் வரை கேட்கும்.

கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு: 0.6 ஆம்பியர், 4 மணி நேரம், 2.4 ஆம்பியர்-ஹவர்.

ஹீட்டரும் போனும் சேர்ந்தால்: 1.9 ஆம்பியர், 5 மணி நேரம், 9.5 ஆம்பியர்-ஹவர்.

இதை அப்படியே கடையில் கேட்கக் கூடாது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சுருங்கும், ஆகவே இரண்டால் பெருக்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், 0.8-ஆல் வகுத்தால் போதும். இரண்டாவது ஆளுக்கு ஈய-அமிலத்தில் 19 ஆம்பியர்-ஹவர் தேவைப்படும். அது ஐந்து கிலோவைத் தாண்டும், மூன்று மாடி தூக்க வேண்டும். அதே வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 ஆம்பியர்-ஹவர் போதும், எடை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடும்.

எந்த வகை

யூபிஎஸ்-இல் போடுகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் எஸ்எம்எஃப் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய-அமில வகை) மலிவானது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆயிரம் ரூபாயை ஒட்டி விலை. எடை இரண்டு கிலோவுக்கு மேல். கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இதுவே போதும். ஆனால் அந்த 7 என்பது 0.35 ஆம்பியராக 20 மணி நேரம் இழுத்தால் கிடைப்பது; 2 ஆம்பியர் இழுத்தால் அத்தனையும் வராது. நம் ஊர் வெயில் இதன் எதிரி: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு.

எங்கள் பரிந்துரை லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடைக்காரர் மொழியில் எல்எஃப்பி. 3.2 வோல்ட் செல் நான்கு வரிசையாக, 12.8 வோல்ட். விலை எஸ்எம்எஃப்-ஐப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் முக்கால்வாசி காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும், மற்ற லித்தியத்தை விடத் தீ ஆபத்து குறைவு. மௌன்ட் மட்டும் என்றால் 6 ஆம்பியர்-ஹவர், ஹீட்டரும் உண்டு என்றால் 12. நாலைந்து வருடம் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கப் போகிறவருக்குக் கடைசியில் இதுதான் சிக்கனம்.

இதே விலையில், இதே தோற்றத்தில் '12 வோல்ட் லித்தியம்' என்று இன்னொன்று விற்கும். அது 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் மூன்று வரிசையாகப் போட்டது. நிறைந்தால் 12.6, சராசரி 11.1, கடைசியில் 9 வோல்ட். பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மௌன்ட் அணைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய சார்ஜர் லேபிளைப் பாருங்கள். 14.6 வோல்ட் என்றால் எல்எஃப்பி. 12.6 என்றால் மூன்று செல் பேக், வேண்டாம். 16.8 என்றால் நான்கு செல் பேக். அது 16-ஐத் தாண்டுவதால் மௌன்ட் போர்டையே எரிக்கலாம், தொடவே தொடாதீர்கள்.

பவர் பேங்க்கில் 12 வோல்ட் எடுக்க 'பிடி ட்ரிக்கர்' கேபிள் (யூஎஸ்பி-சி போர்ட்டில் வேண்டிய வோல்ட்டைக் கேட்டு வாங்குவது) வருகிறது. வேலை செய்யும், சில நிபந்தனைகளோடு. 20,000 எம்ஏஹெச் என்பது 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு, அதாவது 74 வாட்-ஹவர். மாற்றும்போது போகிற இழப்பைக் கழித்தால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்-ஹவர் சொச்சம்தான். அடுத்து, எல்லா பவர் பேங்க்கிலும் 12 வோல்ட் இருக்காது; 9-லிருந்து நேராக 15-க்குத் தாவுகிற மாடல்கள் உண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் 12 வோல்ட், குறைந்தது 1.5 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். மூன்றாவது, பலரையும் குழப்புவது: மௌன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போர்ட்டில் போனைச் சொருகினால் பல பவர் பேங்க்குகள் ஒரு நொடி எல்லா வெளியீட்டையும் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடியில் அலைன்மென்ட் போச்சு. பவர் பேங்க் மௌன்ட்டுக்கு என்றால் மௌன்ட்டுக்கு மட்டும்.

மௌன்ட்டுக்குள்ளேயே எட்டு பென்சில் பேட்டரி போடும் வசதி சிலவற்றில் உண்டு. அல்கலைன் என்றால் 12 வோல்ட் வரும், வேகமாகத் தீரும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் பேட்டரி எட்டு போட்டால் 9.6 வோல்ட்தான், எல்லா மௌன்ட்டும் அதை ஏற்காது.

பைக் பேட்டரி வேண்டாம். ஸ்டார்ட்டரை ஒரு நொடி உதைப்பதற்கு மெல்லிய தகடு வைத்துச் செய்தது, மெதுவாகக் காலி செய்தால் சீக்கிரம் சாகும். 230 வோல்ட் சாக்கெட் வைத்த பெரிய பவர் ஸ்டேஷன் இருந்தால் அதன் 12 வோல்ட் போர்ட்டைப் பயன்படுத்துங்கள். 230-க்கு ஏற்றி, அடாப்டர் போட்டு மறுபடி 12-க்கு இறக்கினால் கால்வாசி வீணாகிவிடும். டெலஸ்கோப்புக்காக மட்டும் அதைப் புதிதாக வாங்கத் தேவையில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இந்தத் தெருவுக்குத் திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கமிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் 21 வாட் கார் இன்டிகேட்டர் பல்ப், அதற்கு இரண்டு ஒயர் கொண்டுபோங்கள். அந்த பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும், வேகமாகத் திரும்பும் மௌன்ட் இழுப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

எஸ்எம்எஃப் என்றால் சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.4-க்குக் கீழே காட்டினால் ரொம்ப நாள் அலமாரியில் கிடந்தது என்று பொருள், உள்ளே தகட்டில் சல்பேட் படிந்திருக்கும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பல்பை மாட்டி ஐந்து நிமிடம் வையுங்கள். வோல்ட் 12-க்கு மேல் நிற்க வேண்டும். யூபிஎஸ்-இலிருந்து கழற்றி ஸ்டிக்கர் மாற்றிய பழைய பேட்டரியை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

எல்எஃப்பி என்றால் எடையைப் பாருங்கள். 6 ஆம்பியர்-ஹவர் பேக்கில் பெரும்பாலும் 32700 செல் நான்கு இருக்கும், ஒன்று 140 கிராம் போல். மொத்தம் 550 கிராமுக்குக் குறைந்தால் உள்ளே சொன்ன செல் இல்லை. பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்சுற்று) இருக்கிறதா, அது எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள்; 10 இருந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் முழு சார்ஜ் போட்டு அதே பல்பை எரியவிட்டு நேரம் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் 6 ஆம்பியர்-ஹவர் உண்மை. ஒன்றரை மணி நேரத்தில் அணைந்தால் பில்லோடு திரும்பிப் போங்கள். பல்ப் நன்றாகச் சுடும். பிளாஸ்டிக் மேலோ துணி மேலோ வைக்காதீர்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: 14.6 வோல்ட் எல்எஃப்பி சார்ஜர், காரில் போடுகிற பிளேடு ஃப்யூஸ் ஹோல்டரும் 5 ஆம்பியர் ஃப்யூஸ் மூன்றும், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் சிவப்பும் கறுப்பும் இரண்டிரண்டு மீட்டர், எக்ஸ்டி60 கனெக்டர் ஒரு ஜோடி, டிசி பிளக். பிளக்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். செலஸ்ட்ரான், ஸ்கைவாட்சர் மௌன்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர் (வெளி விட்டம் 5.5, உள் துளை 2.1). மீட் (Meade) கம்பெனி மௌன்ட்களில் 5.5-க்கு 2.5 வரும். 2.5 பிளக் 2.1 சாக்கெட்டில் சுகமாக உள்ளே போய்விடும், ஆனால் லூசாக நிற்கும். டெலஸ்கோப் திரும்பி ஒயர் அசையும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். உங்கள் மௌன்ட்டையோ அதன் பழைய கேபிளையோ கடைக்கு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்ப்பதே நிச்சயமான வழி.

ஒயர் போடுவது

1. பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் ஹோல்டரை வையுங்கள். ஃப்யூஸை இப்போது செருக வேண்டாம். ஹோல்டரைப் பேட்டரியிலிருந்து தள்ளி வைத்தால் ஃப்யூஸுக்கு முன்னால் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

2. ஃப்யூஸுக்குப் பிறகு எக்ஸ்டி60. பேட்டரி பக்கம் பெண் கனெக்டர், அதில் உலோகம் வெளியே நீட்டாது.

3. மறுமுனையில் டிசி பிளக்கை சால்டர் செய்யுங்கள். நடு முனை பாசிட்டிவ், வெளி வளையம் நெகட்டிவ். ஸ்க்ரூ வைத்த சிசிடிவி பிளக் நாளடைவில் தளரும்.

4. எஸ்எம்எஃப் பேட்டரி என்றால் முனையில் சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் சீல் விடும். 4.8 அல்லது 6.3 மில்லிமீட்டர் ஸ்பேட் லக் போடுங்கள்.

5. ஃப்யூஸைச் செருகி, மௌன்ட்டில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளக்கின் உள்ளேயும் கறுப்பை வெளி வளையத்திலும் வையுங்கள். மைனஸ் குறி இல்லாமல் 13 சொச்சம் (எஸ்எம்எஃப் என்றால் 12.7 போல்) காட்ட வேண்டும். மைனஸ் வந்தால் துருவம் மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் மௌன்ட் போர்டு போய்விடும்.

6. பிளக்கில் '12 வோல்ட் டெலஸ்கோப்' என்று லேபிள் ஒட்டுங்கள். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் பிளக்கும் இதே உருவம். இருட்டில் கை மாறும்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 3 மீட்டர் கேபிளில் 3 ஆம்பியர் ஓடினால் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.3 வோல்ட் குறையும். சிசிடிவிக்குப் போடுகிற 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் 1.6 வோல்ட் குறையும். பேட்டரியில் 12.2 இருந்தும் மௌன்ட்டுக்கு 10.6தான் போகும். கேபிள் இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம், அதையும் ட்ரைபாட் காலில் வெல்க்ரோ பட்டையால் கட்டி, பிளக் பக்கம் கொஞ்சம் தொய்வு விடுங்கள். ஆல்ட்-அஸ் மௌன்ட் சுற்றிச் சுற்றி வரும்போது ஒயர் காலில் சுருண்டு பிளக்கைப் பிடுங்கிவிடும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோர வீடுகளில் உப்புக் காற்று ஸ்பேட் லக்கிலும் ஃப்யூஸ் காலிலும் பச்சை பிடிக்க வைக்கும். அந்தப் பச்சையும் ஒரு மின்தடைதான். இறுக மாட்டிய பிறகு வாஸ்லின் லேசாகப் பூசுங்கள், மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பனியும் பேட்டரியும்

மார்கழி, தை மாதங்களில் லென்சிலும் ஷ்மிட்-கேஸிக்ரேன் வகை டெலஸ்கோப்பின் முன்கண்ணாடியிலும் பனி படியும். உடனே ஹீட்டர் வாங்கத் தோன்றும். முதலில் கறுப்பு ஃபோம் ஷீட்டைக் குழாயாகச் சுருட்டி முன்னால் மாட்டிப் பாருங்கள். நீளம் கண்ணாடி விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பல ராத்திரிகளுக்கு அதுவே போதும், ஒரு ஆம்பியர்கூடச் செலவில்லை. பழவேற்காடு மாதிரி நீர்ப்பரப்பு ஓரம் போகும்போது ஹீட்டர் தேவைப்படலாம். அப்போது ஹீட்டர் கன்ட்ரோலரை முழுச் சூட்டில் வைக்காமல், பனி படியாத அளவுக்கு மட்டும் திருப்புங்கள்.

வெளியூரில் ஒரு எச்சரிக்கை. எல்எஃப்பி கடைசி வரை வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு, தீர்ந்ததும் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்துவிடும். மௌன்ட் ஓடும்போது 12.8-க்குக் கீழே காட்டினால் முடிவு நெருங்குகிறது என்று கொள்ளுங்கள். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் கடிகாரத்தையும் பாருங்கள்.

சார்ஜும் பராமரிப்பும்

12 வோல்ட் சிசிடிவி அடாப்டரை நேராக மாட்டி எந்தப் பேட்டரியையும் சார்ஜ் செய்யாதீர்கள். எஸ்எம்எஃப் 7-க்கு 14.4 வோல்ட் வரை போய் 13.6 பக்கம் இறங்கி நிற்கிற தானியங்கி சார்ஜர், 0.7 ஆம்பியர். ஒரு ராத்திரி ஆகும். 'டீசல்பேஷன்' (தகட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கும்) வசதி உள்ள ஈய-அமில சார்ஜரை எல்எஃப்பி-யில் போடக் கூடாது, அதன் உயர் வோல்ட் துடிப்பு பிஎம்எஸ்-ஐக் கெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் டெலஸ்கோப் பெட்டியிலேயே கிடக்கும். எஸ்எம்எஃப்-ஐ முழு சார்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். எல்எஃப்பி-யைப் பாதி சார்ஜில், கனெக்டரைக் கழற்றி வையுங்கள். இரண்டையுமே ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரூமிலும் பகல் வெயிலில் நிற்கிற ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வைக்கக் கூடாது.

ஆயுள் முடிந்த எஸ்எம்எஃப்-ஐப் பேட்டரிக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை உண்டு, புதியதில் கழித்துக்கொள்வார்கள். லித்தியம் பேக்கை மாநகராட்சிக் குப்பையில் போடாதீர்கள். நம் பகுதிக் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. வண்டியில் நசுங்கினாலே அந்த பேக் தீப்பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. இரண்டு முனையிலும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி, வாங்கிய கடையிலேயே கொடுங்கள்.